வெளி வட்டு எதுவும் இணைக்கப்படவில்லை

முதலில் கேபிளை மாற்று. எங்கள் தொழிலில் பாதி மர்மங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லையா, போர்ட்டை மாற்று. அதற்கும் மசியவில்லை என்றால் வேறொரு கம்ப்யூட்டரில் சொருகிப் பார். அங்கே வேலை செய்தால் டிஸ்க்கில் பழுதில்லை, பெட்டியில்தான் பழுது. பதினேழு வருடங்களாக இந்த வரிசையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. முகத்துறைக்குப்பத்து டிஸ்க் விஷயத்திலும் இந்த வரிசை என்னைக் கைவிடவில்லை. கடைசி வரை கச்சிதமாக வேலை செய்தது. கோளாறே அதுதான்.

ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு மறுகுடியமர்வு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. சூப்பிரண்டு நாகரத்தினம் மேடம்.

"சவரி, சிஸ்டம் ஒரு டிஸ்க்க எடுக்க மாட்டேங்குது. இன்னிக்கு அஞ்சு மணியோட பட்டியல் மூடுது. எனக்கு மீட்டிங் இருக்கு, நான் கிளம்பறேன். நீ வந்து பாத்துடு."

கடல் ஊருக்குள் வரத் தொடங்கி அது ஆறாவது வருடம். கரையோரக் குப்பங்களை ஒவ்வொன்றாக உள்நாட்டில் கட்டும் காலனிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கென்று திறந்ததுதான் அந்த அலுவலகம். வாசலிலேயே பெரிய பலகை: 'அனைத்துக் குடும்பங்களுக்கும் வீடு'. எந்தக் குப்பமும் தன் பட்டியலை இணையம் வழியாக அனுப்ப முடியாது. யாரோ ஒருமுறை மொத்த மாநிலத்தின் கைரேகைகளையும் திருடிக்கொண்டு போன பிறகு அதற்குத் தடை. டிஸ்க்கில் ஏற்றி, நேரில் கொண்டு வந்து, எந்த நெட்வொர்க்கிலும் சேராத ஒரே ஒரு மேஜைக் கம்ப்யூட்டரில் சொருக வேண்டும். அதைத்தான் எல்லோரும் சிஸ்டம் என்றார்கள். பார்க்கச் சாதாரணப் பெட்டி. ஆனால் பட்டியலைப் படிப்பதும், சரிபார்ப்பதும், வீடு ஒதுக்குவதும் அதன் வேலை. சூப்பிரண்டு விரல் வைத்து ஒப்புதல் கொடுத்தால்தான் எதுவும் நகரும் என்று எனக்குத் தெரியும். போன வருடம் அந்த விரல் கருவியைப் பொருத்தியதே நான்தான்.

நான் போனபோது பதிவறையில் ஒரு பெண் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் துணியில் சுற்றிய டிஸ்க். உப்புக் காற்று படாமல் அப்படிக் கொண்டு வந்திருக்கிறார். பெயர் தில்லைக்கரசி. குப்பத்து மகளிர் குழுவுக்குச் செயலாளர். பட்டியலைத் தயாரித்ததும் அவர்தான்.

"நேத்துலேர்ந்து மூணு தடவ சொருவிப் பாத்துட்டேன் தம்பி. லைட்டு எரியுது. உள்ள ஏதோ சுத்துது. அப்பறம் டிஸ்க்கே இல்லங்குது."

"எத்தன குடும்பம்க்கா?"

"நூத்தி ஒம்போது. போன ஐப்பசில மொத வரிச வீடு பதினேழையும் கடலு எடுத்துக்கிச்சு. அவங்கெல்லாம் மீன் ஏலக்கொட்டகைலதான் படுத்துக் கெடக்கறாங்க. இன்னிக்கு இது சேந்துடுச்சுன்னா நாளைக்கே லாரி அனுப்பறன்னு சொல்லியிருக்காங்க. புதன்கெழம பொயலு கரைக்கு வருதாமே, ரேடியோல சொன்னான்."

"இன்னிக்குச் சேரலன்னா?"

"அடுத்த வருசம் சித்திரைலதான் தொறப்பாங்களாம்." அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சித்திரை வரைக்கும் குப்பம் இருக்குமா என்று நானும் கேட்கவில்லை.

கேபிளை மாற்றினேன். திரையில் அதே வாசகம்: 'வெளி வட்டு எதுவும் இணைக்கப்படவில்லை.' போர்ட்டை மாற்றினேன், பின்பக்கம் நாலு, முன்பக்கம் இரண்டு. அதே போர்ட்டில் மவுஸைச் சொருகினால் ஓடியது. மின்சாரம் போதவில்லையோ என்று தனி அடாப்டர் கொடுத்தேன். டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். டிஸ்க்கை என் லேப்டாப்பில் சொருகினேன். கண் மூடித் திறப்பதற்குள் நூற்று ஒன்பது கோப்புறைகளும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம்: அட்டை, கைரேகை, வீட்டு வாசலில் எல்லோரும் நின்று எடுத்த படம். டிஸ்க் தங்கமாக இருந்தது.

மறுபடி சிஸ்டத்தில் சொருகி, இந்த முறை திரையைப் பார்க்காமல் டிஸ்க்கைப் பார்த்தேன். அதன் மூலையில் ஒரு நீல விளக்கு. சும்மா இருந்தால் நின்று எரியும், உள்ளே இருப்பதை யாராவது படித்தால் படபடவென்று அடிக்கும். அது படபடத்தது. கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஐம்பத்தொரு வினாடி. பிறகு நின்றது. அதற்குப் பிறகுதான் அந்த வாசகம் வந்தது.

இல்லாத டிஸ்க்கை ஐம்பத்தொரு வினாடி எதற்குப் படிக்க வேண்டும்? அப்போதே பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம். தீராத பழுதை விட்டுவிட்டு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"ஒங்க பட்டியல்ல ஏதோ ஒரு கோப்பு கெட்டுப் போயிருக்கும்னு நெனைக்கிறேன்க்கா. அதப் படிக்கற எடத்துல சிஸ்டம் முரண்டு பண்ணுது. எதுன்னு கண்டுபிடிச்சிடலாம்."

"எல்லாத்தையும் நான் சரிபாத்துத்தான் தம்பி போட்டேன்."

"ஒங்க டிஸ்க்குல கையே வெக்க மாட்டேன். நகல் எடுத்து என் டிஸ்க்குல போட்டுப் பாக்கறேன். பயப்படாதீங்க."

நூற்று ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் இல்லை. இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. பட்டியலை இரண்டாக வெட்டு. எந்தப் பாதியில் வில்லங்கம் என்று பார். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக வெட்டு. ஏழெட்டு வெட்டில் கெட்ட கோப்பு தனியாக வந்து மாட்டிக்கொள்ளும்.

ஒன்று முதல் ஐம்பத்தைந்து வரை என் டிஸ்க்கில் ஏற்றிச் சொருகினேன். 'வெளி வட்டு எதுவும் இணைக்கப்படவில்லை.' நல்லது, வில்லங்கம் இதற்குள் இருக்கிறது. ஒன்று முதல் இருபத்தேழு வரை மட்டும் வைத்துக்கொண்டு சொருகினேன். நீல விளக்கு அடித்தது, நின்றது. திரையில் பச்சை எழுத்து: 'வட்டு இணைக்கப்பட்டது. பெறப்பட்டது.'

"எடுத்துக்கிச்சா?" தில்லைக்கரசி எழுந்தே விட்டார்.

"எடுத்துக்கிச்சுக்கா. இந்த இருபத்தேழும் சுத்தம்."

சூடு பிடித்துவிட்டது. இருபத்தெட்டு முதல் ஐம்பத்தைந்து: இல்லை. இருபத்தெட்டு முதல் நாற்பத்தொன்று: இல்லை. இருபத்தெட்டு முதல் முப்பத்துநாலு: பெறப்பட்டது. முப்பத்தைந்து முதல் நாற்பத்தொன்று: இல்லை. முப்பத்தைந்து முதல் முப்பத்தெட்டு: பெறப்பட்டது. ஒவ்வொரு பச்சைக்கும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கும் கொண்டாட்டமாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. மாட்டிக்கொண்டாய் மகனே என்று முப்பத்தொன்பதைத் தனியாக ஏற்றினேன்.

'வெளி வட்டு எதுவும் இணைக்கப்படவில்லை.'

"முப்பத்தொம்போது யாருக்கா?"

"பூவராகன் பொண்டாட்டி, செவுந்தி."

"அந்தக் கோப்புலதான் ஏதோ கோளாறு." உறுதிப்படுத்திக்கொள்ள நாற்பதைத் தனியாக ஏற்றிப் பார்த்தேன். இல்லை. நாற்பத்தொன்று, இல்லை. எழுபது, இல்லை. எண்பத்தாறு, இல்லை. அப்படியானால் முப்பத்தொன்பதிலிருந்து கடைசி வரை எல்லாமே கெட்டவையா? என் லேப்டாப்பில் ஒவ்வொன்றையும் திறந்தேன். செவ்வந்தியின் குடும்பம் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. முப்பத்தெட்டுக்கும் முப்பத்தொன்பதுக்கும் இம்மியளவு வித்தியாசம் இல்லை.

மணி நாலரை. அந்த நேரத்தில்தான் நாகரத்தினம் மேடம் மீட்டிங் முடிந்து வந்தார். பூட்டியிருந்த தன் அறையைத் திறந்து உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் கையில் ஒரு காகிதக் கட்டுடன் வெளியே வந்தார்.

"சவரி, என்ன பண்ணிட்டு இருக்க நீ?"

"டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன் மேடம். முப்பத்தெட்டு வரைக்கும் எடுக்குது. அதுக்கு மேல..."

"என் ரூம் பிரிண்டர்ல முப்பத்தெட்டு ஒதுக்கீட்டு ஆணை வந்து கெடக்கு."

"அதெப்படி வரும்? நீங்க வெரல் வெக்கவே இல்லையே."

"வெரல் வெக்கறத ஆடி மாசமே எடுத்துட்டாங்க. வேண்டியவங்களுக்குப் பாத்து வெச்சுக் குடுக்கறோம்னு எங்க மேல புகார். இப்ப சிஸ்டம் பெற்றுக்கிட்டா அதோட முடிஞ்சுது. அதுவே ஒதுக்கிடும்."

தில்லைக்கரசி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பத்தெட்டு பேருக்கு வீடு வந்துடுச்சா? நல்லதுதானம்மா. மிச்சத்தயும் போட்டுடுங்க."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்தான் கேட்டேன்.

"காலனியில எத்தன வீடு மேடம் மிச்சம் இருந்துச்சு?"

"முப்பத்தெட்டு."

"எல்லாருக்கும் வீடுன்னு வாசல்ல எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு. கட்டலையே."

மேடம் தாழ்ந்த குரலில், எங்கள் இருவரையும் பார்க்காமல் பேசினார்.

"இந்த சிஸ்டத்துக்கு வேலை கத்துக்குடுக்க எங்க செக்‌ஷனோட இருபது வருஷத் தபால் பதிவேட்டத்தான் குடுத்தாங்க. எப்படி வேலை பாக்கறதுன்னு அதப் பாத்துக் கத்துக்கிச்சு. நாங்க எப்படிப் பாத்தோம் தெரியுமா? மனுவப் பெற்றுக்கிட்டோம்னு முத்திரை குத்திட்டா முப்பது நாள்ல பதில் சொல்லியாகணும். முடியாதுன்னு எழுதினா அதுக்கும் காரணம் எழுதணும், அப்பீல் வரும், கோர்ட்டு வரும். அதனால குடுக்க முடியாத மனுவ நாங்க நிராகரிக்கறதே இல்ல. 'தபால் வரலை'ன்னுடுவோம். கவரப் பிரிச்சு, முழுசாப் படிச்சு, எத்தனை பேருன்னு எண்ணிப் பதிவேட்டு ஓரத்துல பென்சில்ல குறிச்சுட்டு, மறுபடி ஒட்டி டிராயர்ல போட்டுடுவோம். வந்து கேட்டா, இன்னும் வரலைங்க, அடுத்த வாரம் வாங்க. வராத தபாலுக்கு யாரு அப்பீல் போட முடியும்?"

ஐம்பத்தொரு வினாடி படபடத்த நீல விளக்கு ஞாபகம் வந்தது.

"நூத்தி ஒம்பது பேர் மனுவ எடுத்துக்கிட்டா எழுபத்தியோரு பேருக்கு அது பதில் சொல்லணும். அதனால டிஸ்க்கே வரலைன்னுது. நீ இருபத்தேழு குடுத்த, குடுக்க முடியும், எடுத்துக்கிச்சு. அப்பறம் ஏழு. அப்பறம் நாலு. வீடு தீர்ந்துபோச்சு. இனிமே இந்த ஊர்லேர்ந்து ஒரே ஒரு ஆளைக் கொண்டாந்தாலும் அதுக்குத் தெரியாது."

"நீங்க எதுக்கு மேடம் இத மொதல்லயே சொல்லல?"

"எனக்கென்ன தெரியும், டிஸ்க் ரிப்பேருன்னுதான் நானும் நெனச்சேன்." சட்டென்று கோபமாகச் சொன்னவர், உடனே அடங்கிவிட்டார். "நாங்க செஞ்சப்ப இன்னொண்ணும் செய்வோம் சவரி. ரெண்டு வாரம் தூக்கம் வராது. அப்பறம் யாராவது ஒருத்தர் டிராயரத் தொறந்து, மேலதிகாரி கால்ல கைல விழுந்து, எப்படியாவது அந்த மனுவ நகத்திடுவோம். ஆனா அதையெல்லாம் பதிவேட்டுல எழுத மாட்டோம். அதனால அது மட்டும் இதுக்குத் தெரியாமப் போச்சு."

நான் எழுந்து சிஸ்டத்தின் முன்னால் போய் நின்றேன். அதை மிதிக்க வேண்டும் போலிருந்தது. "ரத்து பண்ணுங்க மேடம். நான் டெஸ்ட்டுக்குப் போட்டது. தப்பு என் பேர்லதான்னு எழுதிக் குடுக்கறேன்."

"எழுதலாம். ரத்து மனு அப்படின்னு டிஸ்க்குல போட்டு இதுலதான் சொருகணும்."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

இதற்குள் தில்லைக்கரசி ஆணைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். உதடு அசைய ஒவ்வொரு பெயராகப் படித்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

"வரிசப்படியா எடுத்தியா தம்பி?"

"ஆமாக்கா. ஒண்ணுலேர்ந்து."

"அது தலக்கட்டு வரிச."

"அப்படின்னா?"

"எங்க ஊருல கோயிலு, பஞ்சாயத்து, நிவாரணம் எதுவா இருந்தாலும் பேரு எழுதற வரிச ஒண்ணு இருக்கு. மொதல்ல பஞ்சாயத்தாரு. அப்பறம் சொந்தப் படகு வெச்சிருக்கறவங்க. அப்பறம் கூலிக்குக் கடலுக்குப் போறவங்க. கடைசில ஆம்பளத் தொண இல்லாத வீடு. என்ன மாதிரி புருசனக் கடலுக்குக் குடுத்தவங்க. எப்பவும் அப்படித்தான் எழுதுவோம், கையிக்கு அதுதான் பழக்கம். எல்லாருக்கும் வீடுன்னு சொன்னாங்களா, எந்த வரிசைல எழுதினா என்னன்னு நானும் அப்படியே எழுதிப்புட்டேன்." அவர் காகிதங்களைத் தட்டி ஒன்றுசேர்த்தார். "இந்த முப்பத்தெட்டுல மாடி வெச்ச வீடே இருவது இருக்கு. மேட்டுத் தெரு. அங்க இன்னும் தண்ணியே ஏறல. ஏலக்கொட்டகைல கெடக்கறதுல ஒருத்தரு கூட இதுல இல்ல, அவங்க பேரெல்லாம் கடைசிலதான்."

"அவங்க விட்டுக் குடுத்தா..." என்று ஆரம்பித்தேன்.

"கதவு ஆணை வாங்கினவங்க கைரேகைக்குத்தான் தொறக்கும்," என்றார் மேடம்.

நான் கீழேயிருந்து ஆரம்பித்திருக்கலாம். நூற்று ஒன்பதிலிருந்து மேலே வந்திருந்தால், அதே வெட்டு, அதே பச்சை எழுத்து, ஆனால் ஏலக்கொட்டகை முழுக்க மறுநாளே லாரியில் ஏறியிருக்கும். பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூட நான் கீழேயிருந்து ஆரம்பித்ததில்லை. யார்தான் ஆரம்பிப்பார்கள்? ஒன்றிலிருந்துதானே எண்ணுவோம். இதைச் சொல்லி என்னை நானே எத்தனையோ தடவை சமாதானப்படுத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சமாதானம் ஆகவில்லை.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"என் டிஸ்க்க ஒரே ஒரு தடவ போட்டுப் பாரு தம்பி," என்றார் தில்லைக்கரசி.

போட்டேன். நீல விளக்கு இரண்டே வினாடிதான் அடித்தது. திரை முழுக்கப் பச்சையானது. 'வட்டு இணைக்கப்பட்டது. முகத்துறைக்குப்பம். 109 குடும்பங்கள். இவ்வூருக்கான ஒதுக்கீடு ஏற்கனவே நிறைவுற்றது. மேல் நடவடிக்கை தேவையில்லை.' நூற்று ஒன்பது பெயர்களும் அழகாக, ஒரு எழுத்துப் பிசகாமல் திரையில் வந்து நின்றன. முப்பத்தொன்பது தனியாக வந்தபோது அதற்கு ஒரு பதில் பாக்கி இருந்தது; முழுப் பட்டியலில் முப்பத்தெட்டு பேருக்குக் கொடுத்தாயிற்று, ஊருக்கே பதில் சொன்னதாகிவிட்டது. அதனால் டிஸ்க் இருப்பது அதற்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

மேடம் மேஜையிலிருந்து சர்வீஸ் படிவத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். பழுதின் விவரம்: வெளி டிஸ்க் இணையவில்லை. பழுது நீங்கியதா: ஆம், இல்லை. நான் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"ஆமான்னு போடு தம்பி. வேல செய்யுதுல்ல." தில்லைக்கரசி படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, பயனாளி கையொப்பம் என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். அவர் அழவில்லை. எனக்குத்தான் கண்ணை மறைத்தது.

"எனக்கு ஒரு ஒதவி பண்ணு. மிச்ச எழுவத்தியோரு பேரையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடு."

"எதுக்குக்கா?"

"போயிச் சொல்லணும்ல. ஏலக்கொட்டகைல வீட்டுக்கு வீடு வாசப்படின்னு இல்ல, யாருகிட்டச் சொன்னேன், யாருகிட்டச் சொல்லலன்னு கொழம்பிடும். ஒவ்வொருத்தரா சொல்லிட்டு டிக் பண்ணிக்கறேன். புதன்கெழமைக்குள்ள எங்கயாவது நடந்தாவது போயிடலாம்."

பிரிண்டர் அவர்களுடையது, அதில் ஆணைகளைத் தவிர வேறு எதையும் அச்சடிக்க முடியாது. அதனால் என் பையிலிருந்த பில் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். முப்பத்தொன்பது, செவ்வந்தி. நாற்பது, கலியன். அவர் திரையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். மணி ஐந்தடித்துத் திரை அணைந்த பிறகும் நிறுத்தவில்லை. அவருக்குப் பட்டியல் மனப்பாடம். எழுபதுக்கு மேல் பெண்களின் பெயர்களாகவே வந்தன. பக்கத்து நாற்காலியில் நாகரத்தினம் மேடம் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நூற்று எட்டு, அலமேலு. எழுதிவிட்டு அடுத்த வரியில் நூற்று ஒன்பது என்று போட்டுக் காத்திருந்தேன். அவர் பெயர் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

"அது வேணாம் தம்பி," என்றார் தில்லைக்கரசி. "அவங்களுக்குச் சொல்லியாச்சு."